மாங்கேணிக் காட்டுக்கு மேலே எட்டு நண்பகல்

காற்றைப் பிடித்து, குழாயில் அடைத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிற தொழில் என்னுடையது. சிரிக்க வேண்டாம். "நீங்க என்ன வேலை செய்யிறீங்க?" என்று கேட்டவருக்குக் கால் மணித்தியாலம் விளக்கம் சொல்லி, முடிவில் "அப்ப வேலை ஒண்டும் இல்லையா?" என்று திருப்பிக் கேட்கப்பட்ட அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மரங்கள் இலை வழியாகச் சில ஆவிகளை வெளியே விடுகின்றன. தேசி, அதாவது எலுமிச்சை இலையைக் கசக்கினால் ஒரு வாசம் வருகிறதல்லவா, அந்த இனம். கசக்காமலே, வெயில் ஏற ஏறக் காடு முழுக்க அதை விட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலும் நம் மூக்குக்குப் பிடிபடாது. அதைப் பிடிக்க ஒரு ட்ரோன். ட்ரோனுக்கு மேலே ஒரு தடி, தடி நுனியில் விரல் நீளத்தில் சில உருக்குக் குழாய்கள், குழாய்க்குள் ஆவியைப் பிடித்து வைக்கிற ஒரு தூள், காற்றை இழுக்க ஒரு குட்டிப் பம்ப். காட்டுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தி, பத்து நிமிடம் இழுக்கவிட்டு இறக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் நாங்கள் பட்ட பாட்டைத்தான் கீழே சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். தர்சினி மிஸ் பெரியகல்லாற்றுக்காரர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், லீவு எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். மெல்வின் மட்டக்களப்பு டவுனில் இருக்கிற, போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிக்காரன். வான் அவனுடையது, தடியும் அதைப் பூட்டுகிற வளையமும் அவன் கையால் செய்தவை. நான் கலியாண வீடியோக்காரன். ட்ரோன் ஓட்டத் தெரியும் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். மிஸ்ஸுக்கு வேண்டியது மாங்கேணிக் காட்டுக்கு மேலே எட்டு நண்பகல், எட்டுத் தரம், சுத்தமான காற்று. புரட்டாதி முடிய லீவும் முடியும், பறக்கவிடுகிற அனுமதியும் முடியும், மழையும் தொடங்கிவிடும். எட்டில் ஒன்று குறைந்தாலும் மூன்று வருடப் படிப்பு அப்படியே நிற்கும். இன்னொரு தரம் லீவு கிடைக்காது.

பொண்ணு வாற காட்சி

முதல் நாள் குழாய் இல்லாமல் ஒத்திகைப் பறப்பு. ட்ரோன் என்றால் எனக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரே பழக்கம்தான். மண்டபத்தைச் சுற்றி ஒரு வட்டம், பொண்ணு காரால் இறங்கும்போது தலைக்கு மேலே மெல்ல ஒரு இறக்கம், பிறகு சடாரென்று ஏற்றம். மாங்கேணிக் காட்டுக்கு மேலேயும் கை தன்பாட்டில் அதைத்தான் செய்தது. பாலை மரத்தைச் சுற்றினேன், வீரை மரத்துக்கு மேலே தாழ இறக்கினேன், கொப்பெல்லாம் ஆடின. எனக்குள்ளே சந்தோசம், ஒரே புளுகம்.

இறக்கியதும் மிஸ் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ட்ரோனின் விசிறிக் காற்று இலையில் பட்டால் மேல் காற்றும் கீழ்க் காற்றும் கலந்துவிடுமாம். அப்போது குழாயில் பிடிபடுவது காட்டின் காற்றல்ல, நாங்கள் கலக்கிய காற்று. ஆகவே மரத்துக்கு நல்லாய் மேலே, அசையாமல், ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். கலியாண வீட்டில் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் பொண்ணின் தகப்பன் என்னைத் தேடி வந்துவிடுவார் என்று சொன்னேன். மிஸ் சிரிக்கவில்லை. "அண்ணன், காடு மாலை மாத்தப் போறதில்ல. மேல ஒரு இடத்தில சும்மா நிண்டாக் காணும்."

முதல் பூசை

புது வண்டி எடுத்தால் என்ன செய்வோம்? கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, நசித்துக்கொண்டு போவோம். ட்ரோனும் புதுசு, விழுந்தால் உடைகிற சாமான், அதுவும் காட்டுக்கு மேலே போகிற சாமான். முதல் குழாய்ப் பறப்பன்று விடிய, மிஸ் வருவதற்கு முன்னமே, பிள்ளையார் கோயில் வாசலில் வைத்து நாலு காலுக்கும் நாலு தேசிக்காய் வைத்தேன். ஐயர் கற்பூரத் தட்டைத் தடி நுனி வரைக்கும் வஞ்சகமில்லாமல் காட்டினார். மெல்வின் தன் பங்குக்கு மாதா படத்துக்கு முன்னால் வாசத்திரி ஒன்று கொளுத்தி, அந்தப் புகையையும் சுற்றிவிட்டான். குழாய்கள் தடியிலேதான் பூட்டியிருந்தன. மூடிகளை இரவே கழற்றி வைத்துவிட்டேன், காலையில் வேலை லேசாக இருக்கட்டும் என்று.

பறப்பு அருமையாக நடந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு, குழாய்களைச் சோதிக்கிற கொழும்பு ஆய்வுகூடத்து ஐயா மிஸ்ஸுக்கு அழைப்பெடுத்தார். சிங்களவர், தமிழைச் சொல் சொல்லாக எடுத்து வைத்துக் கதைப்பார். மாங்கேணிக் காட்டுக் காற்றில் கற்பூரம், தேசிக்காய், இன்னும் ஏதோ வாசனைச் சாமான் எல்லாம் நிறைய இருக்கிறதாம். நானும் மெல்வினும் ஆளையாள் பார்த்தோம். மிஸ் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தபடியால் கொழும்பு ஐயாவின் கடைசிக் கேள்வி வானுக்குள்ளே எல்லாருக்கும் கேட்டது. "மிஸ், அந்தக் காட்டுக்குள்ள கோயில் ஒண்டு இருக்கா?"

வாசமில்லாத புருஷன்

அதன் பிறகு மிஸ் சட்டம் போட்டார். பறக்கிற நாளில் பவுடர் கூடாது, சென்ட் கூடாது, தைலம் கூடாது, கொசுவுக்குக் கொளுத்துகிற நுளம்புத்திரி மணக்கிற உடுப்புக் கூடாது, வானுக்குள்ளே தோடம்பழம் உரிக்கக் கூடாது. சவர்க்காரமும் வாசமில்லாதது அவரே வாங்கித் தந்தார். மெல்வினுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை, அவன் பிறந்ததிலிருந்து பவுடர் பூசாதவன். நான் அப்படியா? சபைக்குப் போகிற தொழில். சட்டையில் சென்ட் இல்லாமல் பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள் வாசற்படி தாண்டியதில்லை.

சட்டத்துக்கு நல்ல பலன். அடுத்த மூன்று பறப்பும் சுத்தம் என்று கொழும்பிலிருந்து செய்தி வந்தது. வீட்டில்தான் பலன் வேறு மாதிரி. காலையில் எழும்பி, மணமில்லாத சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் முழுகி, வெயிலில் காயவிட்ட சட்டையை மணந்து மணந்து பார்த்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுகிற என்னை என் மனுசி நாலு நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தா. ஐந்தாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னா: "வாசம் பூசிட்டுப் போற புருஷனத்தான் எல்லாரும் சந்தேகப்படுவாங்க. நீங்க தடயம் ஒண்டும் இல்லாமப் போறீங்களே, அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

காற்றுக்கு ஐஸ்

பிடித்த குழாய்களை ஐஸ்பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். பஸ்ஸில் சாமான் ஏற்றுகிறவர் நல்ல மனுசன், ஆனால் பெட்டிக்குள்ளே என்ன என்று தெரியாமல் ஏற்றமாட்டார். காற்று என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். மூடியைத் திறந்து காட்டினேன். ஐஸ் கட்டிக்கு நடுவே, ஒரு தகரப் பேணிக்குள் அன்றைய சின்னக் குழாய்கள். ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார், சத்தமில்லை. பின்னால் நின்ற ஆட்கள் எல்லாரும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நான் இலை, ஆவி, வெயில் என்று முழுக்கதையும் சொல்லி முடிக்க, டிரைவர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டார். சாமான் ஏற்றுகிறவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மிச்சத்தையும் பொறுமையாகக் கேட்டார், பிறகு தன் சீட்டுக்குக் கீழேயே பத்திரமாக வைத்தார். பஸ் வெளிக்கிடும்போது யன்னலால் தலையை நீட்டி, உண்மையாகவே கவலையோடு கேட்டார்: "அண்ணன், காத்தும் பழுதாப் போற காலமா வந்திட்டு?"

பனிச்சங்கேணியில் ஒரு தோணி

காட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க, பனிச்சங்கேணி ஆற்றோரக் கண்டல் மரங்களுக்கு மேலேயும் இரண்டு தரம் பறந்தோம். இந்தப் பக்கத்துச் சனத்துக்கு மேலே ஏதாவது இரைந்தால் கைவேலை நின்றுவிடும். யுத்தத்தைக் கண்ட சனம், ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் ட்ரோனை எழுப்ப முன் அக்கம்பக்கம் எல்லாம் நடந்து போய், இன்ன நேரம் இன்ன சாமான் பறக்கும், படம் எடுக்காது, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவது எங்கள் வழக்கம். நான் அதை ஒரு நாளும் விடுவதில்லை.

அன்றைக்குத் தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவருக்குக் கரையில் நின்று கத்திச் சொன்னேன். அவர் வலையை விட்டுவிட்டுத் தோணியைக் கிட்டக் கொண்டுவந்து முழுவதும் கேட்டார். மரம் மூச்சு விடுகிறதாம், நாங்கள் பிடிக்கிறோமாம், கொழும்பில் பார்க்கிறார்களாம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டவர் பிறகு கோலை ஊன்றித் தோணியைத் திருப்பினார். "நல்ல விசயம் மனே. மறுகா மீன் எங்க மூச்சு விடுது எண்டு பாக்கிற மெசின் வந்தா, முதல்ல எனக்குச் சொல்லிப்போடுங்க."

அனுமதி

ஆறாவது பறப்பில் செம்பருந்து ஒன்று வந்து தடியைப் பிடித்துக்கொண்டது. எங்கே கூடு வைத்திருந்ததோ தெரியாது. ட்ரோன் சரிந்து, பம்ப் நின்று, நான் ஒருமாதிரி இறக்கிச் சேர்த்தேன். குழாய் தப்பியது, காற்று தப்பவில்லை. மிஸ் கொப்பியில் அந்த நாளைக் குறுக்கே வெட்டினார். அனுமதிக் கடிதம் எடுப்பதற்கு இரண்டு மாதம் மூன்று கந்தோருக்கு அலைந்ததை நான் புலம்பத் தொடங்க, மெல்வின் வளைந்த தடியை நிமிர்த்திக்கொண்டே சொன்னான்: "அவ்வளவு இடத்துக்கும் போன நாம அதுக்கிட்ட மட்டும் கேக்கல்ல மச்சான்."

ஒரே நண்பகல்

ஏழு சுத்தம். மிச்சம் ஒன்று. புரட்டாதியில் ஒரே நாள்தான் இருந்தது. அதற்கு முந்திய மூன்று நாளும் முகில், வெயில் இல்லாமல் காடு ஒன்றும் விடாது, பறந்து பிரயோசனமில்லை. அன்றைக்கு விடியவே நல்ல வெயில். வழக்கம்போல் அக்கம்பக்கம் சொல்லப் போனேன். காட்டுக்கு மேற்கே பாக்கியமக்காவின் மேட்டுக்காணி. ஐம்பது வயதிருக்கும், தனி ஆளாகக் காணி செய்கிறவ. நாங்கள் போய்ச் சொல்லும்போதெல்லாம் "ஓம், பறக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பா. அன்றைக்கு அவவின் கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலும் பழந்துணி சுற்றிய தடியும் இருந்தன. ஒரு மாதமாக வெட்டிக் குவித்த பற்றையும் சூரை முள்ளும் காணி முழுக்கக் காய்ந்து கிடந்தன. மழைக்கு முன் எரித்துச் சாம்பலைப் பரப்பி, முதல் ஈரத்தோடு கச்சான் கடலை போட வேண்டும். எரிக்க முன் மழை வந்தால் அந்த முள்ளை ஒவ்வொன்றாகக் கையால்தான் இழுக்க வேண்டும், அதற்குள் விதைக்கிற பதம் போய்விடும்.

காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவ நெருப்பு வைத்தால் புகை நேரே எங்கள் காட்டுக்கு மேலே. பற்றை நன்றாக எரிவதும் உச்சி வெயிலில்தான், காடு நன்றாக ஆவி விடுவதும் உச்சி வெயிலில்தான். நாளைக்கு எரிக்கலாமே என்று நான் கேட்டேன், போனைக் காட்டி, இன்றைக்கு நாளைக்கு மழை இல்லை என்று போட்டிருக்கிறது என்றேன். அவ போனைப் பார்க்கவில்லை. அண்ணாந்து தெற்கு மூலையைப் பார்த்தா, அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கே பின்னேரம் வரும் என்றா.

தர்சினி மிஸ் பின்னால் வந்து நின்றார். ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் தன் நிலைமையைச் சொன்னார். இன்றைக்குத் தவறினால் படிப்பு முடியாது, ஆனால் அக்காவுக்குத் தவறினால் விதைப்பு முடியாது, அதனால் கேட்க வெட்கமாக இருக்கிறது, முடிவு அக்காவுடையது என்றார். பாக்கியமக்கா போத்தலைக் கீழே வைத்தா. கன நேரம் யோசிக்கவும் இல்லை. "ஒரு மணி மட்டும் பொறுக்கிறன் புள்ள. ஒரு மணிக்கு நீ முடிச்சாலும் முடிக்காட்டியும் நான் பத்தவைப்பன்."

காவலுக்கு ஒன்று

பன்னிரண்டு மணிக்கு எழுப்பினேன். பத்து நிமிடம், ஒரு சாண் அசையவில்லை. என் கை அன்றைக்குப் போல் ஒரு நாளும் நின்றதில்லை. இறக்கி, மூடி போட்டு, ஐஸ்பெட்டிக்குள் வைக்கும்போது பன்னிரண்டரைகூட ஆகவில்லை. மிஸ் பெட்டியை மூடிவிட்டு முகத்தைக் கையால் பொத்திக்கொண்டார். மெல்வின் வானுக்குப் பின்னால் போய்த் தனியாக நின்றான். எட்டு முடிந்தது.

இனி நான் சொல்லப்போவது என் பிழை. கலியாண வீட்டில் எந்த முக்கியக் காட்சியையும் நாங்கள் ஒரு தரத்தோடு விடமாட்டோம். தாலி கட்டினாலும் மாலை போட்டாலும் "காவலுக்கு இன்னொண்டு" என்போம். மாப்பிள்ளை மறுபடியும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அந்தப் புத்திதான். வெயில் இருக்கிறது, ஒரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, காவலுக்கு இன்னொன்று எடுப்போம் என்று நான்தான் சொன்னேன். மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார், மேற்கே பாக்கியமக்கா நிற்கிற பக்கம் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. பற்றரி மாற்றி, புதுக் குழாய் பூட்டி, எழுப்பி, இறக்கி, கையை ஆட்டி "இனிப் பத்தவைக்கலாம்" என்று காட்டும்போது ஒரு மணி தாண்டிப் பத்து நிமிடம். அவ சொன்ன சொல்லை மீறி அந்தப் பத்து நிமிடமும் எங்களுக்காக நின்றா.

நெருப்பு வைத்த கொஞ்ச நேரத்தில் தெற்கு இருண்டது. முதல் குவியல் எரிந்தது, இரண்டாவது பாதி எரிந்தது. பிறகு மழை சோவென்று கொட்டியது. நாங்கள் மூன்று பேரும் வானுக்குள்ளே ஓடி ஏறினோம். கண்ணாடியால் பார்க்கிறேன், அவ தடியோடு மழைக்குள் அப்படியே நிற்கிறா. காணி முழுக்க வெள்ளைப் புகை எழும்பி அடங்கிப் போச்சு. கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனேன், மிஸ்ஸும் பின்னால் வந்தார். அக்காவுக்கு முன்னால் போய் நின்று, முதல் தரமே எங்களுக்குக் காணும், இரண்டாவது நான் சும்மா காவலுக்கு எடுத்தது, அதை எடுக்காமல் விட்டிருந்தால் உங்களுக்கு முக்கால் மணித்தியாலம் கிடைத்திருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். அவ முகத்தில் வழிந்த தண்ணியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "நீங்க இதைச் சொல்லாம விட்டிருந்தா, நான் மழையைத்தான் ஏசியிருப்பன் தம்பி."

சூரை முள்

அடுத்த நாள் விடிய நானும் மெல்வினும் கத்தியோடு போய் நின்றோம். அவ வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. கவைத்தடி இரண்டைக் காட்டினா. நனைந்த சூரை முள்ளை இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்னால் தள்ளினால் பின்னால் கொளுவும், கையை எடுத்தால் சட்டையைப் பிடிக்கும். மிஸ்ஸுக்கு மறுபடி பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டபடியால் சனி ஞாயிறுகளில் வந்தார். இரண்டு கிழமை இழுத்தோம். படம் பிடித்த கை, குழாய் பிடித்த கை என்று அந்த முள்ளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சோறு தந்தா. மரவள்ளிக் கிழங்கும் கருவாட்டு ஆணமும். மெல்வின் முள்ளுக் குத்திய விரல்களால் பிசைய முடியாமல் கரண்டி இருக்கிறதா என்று கேட்டான். அவ அன்றைக்குத்தான் முதல் தரம் எங்களைப் பார்த்துச் சிரித்தா. "ரெண்டு கிழமையா இழுத்தும் உங்களுக்கு முள்ளுப் பிடிக்கத் தெரியா. காத்துப் பிடிக்கிறது லேசுதான் போல."

வெறும் இடம்

எவ்வளவு இழுத்தும் கிழக்கு மூலை துப்புரவாகவில்லை. பதம் போய்விட்டது, அந்த மூலையில் அந்த முறை கச்சான் போடவில்லை. மிச்சக் காணியில் முளை வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை மிஸ் ஒரு தாளோடு வந்தார். எட்டாவது நாள் குழாய்களும் சுத்தம், எட்டு நாளிலும் நல்லது அதுதான், படிப்பு முடிந்த மாதிரித்தான் என்று சொல்ல வந்தவர், சொல்லிவிட்டு அழுதார். காவலுக்கு எடுத்த குழாய்களைக் கொழும்பில் ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதையும் சொன்னார், என்னைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு நிலத்துக்குள்ளே போகலாம் போல இருந்தது.

பாக்கியமக்கா கையை உடுப்பில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினா. மேடு மேடாக ஒரு கோடு. ஒவ்வொரு மேடும் காட்டின் ஒவ்வொரு ஆவி என்று மிஸ் தொட்டுத் தொட்டுக் காட்டினார். தன் காணி இதில் எங்கே இருக்கிறது என்று அவ கேட்டா. மிஸ் தாளின் நடுவில், கோடு மேடில்லாமல் சமமாகப் போகிற ஒரு இடத்தில் விரலை வைத்தார். புகை வந்திருந்தால் இந்த இடத்தில் ஒரு பெரிய மேடு எழும்பியிருக்கும், நீங்கள் பொறுத்தபடியால் ஒன்றும் இல்லை என்றார். அவ அந்த இடத்தைக் கிட்டப் பிடித்துக் கன நேரம் பார்த்தா. பிறகு தாளை மடித்து மிஸ்ஸின் கையில் கொடுத்துவிட்டு, கச்சான் போடாத கிழக்கு மூலையை நாடியால் காட்டினா. "அப்ப உங்கட தாளில நான் ஒரு வெறும் இடம். என்ட காணியில நீங்க ஒரு வெறும் இடம். சரியாப் போச்சு புள்ள, போய்ப் படிப்ப முடி."

இப்போது வேறு ஆராய்ச்சிகளுக்கும் காற்றுப் பிடிக்கிறேன். குழாய் சுத்தமாக வந்திருக்கிறது என்று கொழும்பிலிருந்து செய்தி வந்தால், சந்தோசப்படுவதற்கு முன்னால், கீழே யார் எதைச் செய்யாமல் பொறுத்துக்கொண்டு நின்றார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் மற்ற வேலை.